பிள்ளையிடம் போனைக் கொடுப்பது ஏன்? பள்ளிக் கேற்றடியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு முன்பள்ளியில் 12 வருடமாகப் படிப்பிக்கிறேன். வீட்டிலும் இரண்டு பிள்ளைகள். மூத்தவனுக்கு 11 வயது, சின்னவளுக்கு 4. பள்ளி விடும் நேரம் கேற்றடியில் அம்மாமார் என்னிடம் கேட்கும் கேள்விகளில் பாதி போனைப் பற்றியவைதான். பக்கத்தில் நிற்கிறவருக்குக் கேட்டுவிடக் கூடாது என்ற மாதிரி மெல்லக் கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் அலுத்துவிட்டதால் இங்கே எழுதி வைக்கிறேன். நான் டொக்டர் இல்லை. ரீச்சர், அம்மா, அவ்வளவுதான்.

உண்மையைச் சொல்லுங்கோ ரீச்சர், பிள்ளையிடம் போனைக் கொடுப்பது சோம்பேறித்தனமா?

கொடுக்கிற நேரத்தைப் பாருங்கள். யாராவது காலை நீட்டிப் படுத்துக்கொண்டு கொடுக்கிறார்களா? பின்னேரம் ஆறரை மணி. 100ஆம் நம்பர் பஸ்ஸில் நெரிபட்டு வந்து இறங்கி, மூன்று மாடி ஏறி, உடுப்பு மாற்றாமலே அரிசியைக் களைந்து அடுப்பில் வைத்தாயிற்று. தாச்சியில் எண்ணெய் கொதிக்கிறது. காலைக் கட்டிக்கொண்டு 2 வயதுப் பிள்ளை நிற்கிறது. அந்த நேரத்தில் போன் ஒரு வேலி. வேலி கட்டியவரைச் சோம்பேறி என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அம்மாமார் சொல்லும் காரணங்களைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பாடமாகிவிட்டது. சமையல். வீட்டிலிருந்து செய்யும் ஒஃபிஸ் வேலை. கிளினிக் வரிசை. காலி வீதியில் நகராத ஓட்டோ. பிள்ளை ஓடினால் தும்புத்தடியால் சீலிங்கில் தட்டும் கீழ்வீட்டு அன்ரி. சாப்பாடு. ‘இங்கிலீஷ் வரும்’ என்ற நம்பிக்கை. அப்புறம், கடைசியாக, கூச்சத்தோடு வரும் ஒன்று: “ஒரு அரை மணித்தியாலம் என்னை ஒருத்தரும் ‘அம்மா’ என்று கூப்பிடாமல் இருந்தால் போதும் ரீச்சர்.” எல்லாவற்றிலும் இதுதான் நேர்மையான காரணம் என்று நினைக்கிறேன்.

காரணம் எதுவானாலும் அது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சமையலுக்காகக் கொடுத்தால் அடுப்பு அணைந்ததும் வாங்கிவிடலாம். ஓட்டோவில் கொடுத்தால் இறங்கும்போது வாங்கலாம். ஏன் கொடுத்தோம் என்றே தெரியாமல் கொடுத்த போன்தான் திரும்பி வருவதில்லை.

எங்கள் அம்மாமார் போன் இல்லாமல்தானே வளர்த்தார்கள்? மாமி ஒவ்வொரு நாளும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறா.

மாமி சொல்வதில் பாதி சரி. ஆனால் ரூபவாஹினி ரீவி 1982இல் வந்துவிட்டது. ரீவியின் முன்னால் எங்களை இருத்திவிட்டுச் சமைத்த அம்மாமாரும் இருந்தார்கள்தான். ஒரு வித்தியாசம் இருந்தது. கார்ட்டூன் முடிந்தால் முடிந்ததுதான், பிறகு செய்தி வரும், நாங்கள் எழும்பிப் போய்விடுவோம். இன்றைக்கு யூடியூப்பில் செய்தி வந்து பிள்ளையை எழுப்பிவிடுவதில்லை. அடுத்த வீடியோ தானாக ஓடுகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. மாமி பிள்ளை வளர்த்த வீட்டில் முற்றம் இருந்தது, கிணற்றடி இருந்தது, இரண்டு கன்னித் தங்கச்சிமார் இருந்தார்கள். வேலை நேரத்தில் பிள்ளை எங்கே இருக்கும் என்று கேட்டுப் பாருங்கள், “பக்கத்து வீட்டில்” என்பா. எங்கள் தொடர்மாடியில் பக்கத்து வீட்டுக் கதவு எப்போதும் பூட்டித்தான் கிடக்கிறது. வாடகைக்கு எடுக்கும்போதே, “சின்னப் பிள்ளைகள் இருக்கோ? சத்தம் போடுமோ?” என்று வீட்டுக்காரர் கேட்டுவிடுகிறார். அந்தப் பக்கத்து வீட்டின் வேலையைத்தான் போன் இப்போது செய்கிறது. ஆனால் பக்கத்து வீட்டு ஆச்சி மாதிரி போன் பிள்ளையின் மூக்கைத் துடைத்துவிடாது.

போன வருடம் என் மாமி எங்களோடு மூன்று மாதம் வந்து நின்றா. அந்த மூன்று மாதத்தில் சின்னவளுக்கு ஆகக் கூடுதலாகப் போன் கொடுத்தது யார் என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை.

எந்த வயதுக்கு எவ்வளவு நேரம்?

உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஒரு கணக்குச் சொன்னது. 1 வயது நிரம்பாத பிள்ளைக்குத் திரையே வேண்டாம். 1 வயதுப் பிள்ளைக்கும் வேண்டாம். 2 வயதிலிருந்து 4 வயது வரை ஒரு நாளைக்கு 1 மணித்தியாலத்துக்கு மேல் போகக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் 2016இல் சொன்னதும் ஏறக்குறைய இதுதான்: 18 மாதம் வரை வீடியோ கோல் தவிர வேறு ஒன்றும் வேண்டாம், 2 முதல் 5 வயதுக்கு 1 மணித்தியாலம், அதையும் பக்கத்தில் இருந்து சேர்ந்து பாருங்கள்.

பிரிட்டனின் குழந்தை மருத்துவர்கள் 2019இல் நிமிடக் கணக்கே சொல்லவில்லை. பதிலுக்கு நாலு கேள்வியைக் கொடுத்தார்கள். திரை நேரம் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கிறதா? குடும்பமாகச் செய்ய நினைப்பவற்றை அது குழப்புகிறதா? நித்திரையைக் கெடுக்கிறதா? பார்த்துக்கொண்டே கொறிப்பதைக் கட்டுப்படுத்த முடிகிறதா? எனக்கு இந்த நாலும்தான் பிடிக்கும். மணிக்கூட்டைப் பார்த்துச் சண்டை பிடிப்பதைவிட, “நேற்று இரவு எத்தனை மணிக்குப் படுத்தான்?” என்று கேட்பது லேசு.

போன் இல்லாவிட்டால் ஒரு வாய்கூடச் சாப்பிடமாட்டான். என்ன செய்வது?

என்னிடம் வரும் கேள்விகளில் ஆக அதிகமானது இது. நானே வழுக்கி விழுந்த இடமும் இதுதான்.

மூத்தவனுக்கு அப்போது ஒன்றரை வயது. போனைத் தண்ணீர்க் கிளாஸில் சாய்த்து வைப்பேன். பிட்டையும் முட்டையையும் குழைத்து உருட்டி வைத்துக்கொள்வேன். ஒரு பஸ்ஸின் சில்லு சுழன்று சுழன்று பாட்டுப் பாடும். அவன் கண் அதிலேயே இருக்க, வாய் தானாகத் திறக்கும், உருண்டை உள்ளே போகும். பத்து நிமிடத்தில் கோப்பை காலி. எனக்குப் பெருமைதான். ஒரு நாள் நடுவில் டேட்டா முடிந்து படம் நின்றுவிட்டது. அவன் குனிந்து கோப்பையைப் பார்த்தான், பிறகு என் கையைப் பார்த்தான். வாயில் இருந்ததை விரலால் எடுத்து, அது என்ன என்று பார்த்தான். ஒன்றரை மாதமாகத் தின்கிற பிட்டை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்க்கிறான். என் வயிறு கலங்கிவிட்டது.

பசி எடுப்பதையும் வயிறு நிறைவதையும் பிள்ளை தானே உணர்ந்து பழக வேண்டிய வயது அது. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் இரண்டும் தெரியாது. வேண்டிய அளவுக்கு மேலேயும் போகும், மெல்லாமல் விழுங்கவும் செய்யும். அதனால் நான் போராடச் சொல்லும் ஒரே இடம் சாப்பாட்டு நேரம்தான். மற்ற இடங்களில் விட்டுக் கொடுத்தாலும் பரவாயில்லை.

எப்படி நிறுத்துவது? நான் வெள்ளிக்கிழமை இரவு தொடங்கினேன், அடுத்த இரண்டு நாளும் வேலை இல்லை என்பதால். முதல் நாள் மூன்று வாய்தான் சாப்பிட்டான். இரண்டாம் நாள் கோப்பையைத் தட்டிவிட்டான். “பிள்ளை காயுதே” என்று அவனுடைய அப்பா போனைக் கையில் எடுத்தார், நான் முறைத்தேன். அவனைத் தனியாக இருத்தாமல் எங்களோடு தரையில் இருத்தினோம், பிட்டை அவன் கையிலேயே கொடுத்தோம், வீடெல்லாம் பிட்டு. ஐந்தாறு நாள் போனது. சுகமுள்ள பிள்ளை ஒரு வேளை குறையச் சாப்பிட்டால் அடுத்த வேளை கேட்டு வாங்கும். நிறை குறைந்துகொண்டே போனால் அது வேறு விஷயம், கிளினிக் கார்டோடு மிட்வைஃபிடம் போங்கள்.

கார்ட்டூன் பார்த்துத்தான் இங்கிலீஷ் பிடித்தான். அது நல்லதுதானே?

கொழும்புத் தமிழ் வீடுகளில் போனுக்குக் கிடைத்திருக்கும் ஆகப் பெரிய அனுமதிச் சீட்டு இது. வீட்டில் தமிழ், பள்ளியில் இங்கிலீஷ் மீடியம், கடையிலும் பஸ்ஸிலும் சிங்களம். மூன்றுக்கும் நடுவில் பிள்ளை தடுமாறிவிடக் கூடாது என்று அம்மாமாருக்குப் பயம். பயம் நியாயமானது. கார்ட்டூன் அந்தப் பயத்துக்குச் சரியான மருந்தா என்பதுதான் எனக்குச் சந்தேகம்.

என் வகுப்புக்கு ஒரு பிள்ளை வந்தான். 3 வயது. நிறங்கள் எல்லாம் இங்கிலீஷில் சொல்வான், ஒன்றிலிருந்து இருபது வரை அமெரிக்க உச்சரிப்பில் எண்ணுவான். அம்மாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. தண்ணீர் விடாய்த்தபோது அவன் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். ‘தண்ணீர்’ என்று கேட்க அவனுக்குத் தமிழிலும் வரவில்லை, இங்கிலீஷிலும் வரவில்லை. திரையில் ஒருவரும் அவனிடம், “உனக்கு என்ன வேணும்?” என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்ததில்லை.

2 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் திரையில் பார்ப்பதைவிட நேரே ஒரு ஆள் செய்து காட்டுவதிலிருந்து கூடக் கற்றுக்கொள்கிறார்கள் என்பது ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பக் கண்ட விஷயம். பக்கத்தில் இருந்து, “அந்தப் பன்றிக்குட்டி ஏன் அழுகுது?” என்று தமிழில் கேளுங்கள். அப்போது அதே கார்ட்டூன் கொஞ்சம் பிரயோசனப்படும்.

பேச்சுத் தாமதத்துக்குப் போன்தான் காரணமா?

‘போன்தான்’ என்று அடித்துச் சொல்ல முடியாது. கூட நேரம் திரை பார்க்கும் சின்னப் பிள்ளைகளிடம் பேச்சுப் பிந்துவதை ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் எது முன்னால் வந்தது, எது பின்னால் வந்தது என்று பிரிப்பது கஷ்டம். காது கேட்காததாலும் பேச்சுப் பிந்தலாம், ஓட்டிசம் என்பதாலும் பிந்தலாம். ஆகவே, “போனை நிறுத்தினால் சரியாகிவிடும்” என்று ஆறு மாதம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். 2 வயதில் இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொல்லவில்லை என்றால் பிள்ளையைக் காட்டுங்கள். பொரளையில் உள்ள லேடி ரிஜ்வே குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு எடுத்த எடுப்பில் ஓடத் தேவையில்லை, உங்கள் பகுதி கிளினிக்கில் தொடங்குங்கள்.

கனடாவில் இருக்கும் அப்பம்மாவோடு வீடியோ கோல் பேசுவதும் இந்தக் கணக்கில் வருமா?

வராது. பேசட்டும். எதிர்ப்பக்கத்தில் இருப்பவர் பதில் சொல்கிறார், சிரிக்கிறார், “எங்கே பல்லைக் காட்டு” என்கிறார். மருத்துவர்களே விதிவிலக்குக் கொடுத்த திரை இது ஒன்றுதான். ரொறன்ரோவுக்கும் எங்களுக்கும் கோடையில் ஒன்பதரை மணித்தியாலம், குளிர்காலத்தில் பத்தரை மணித்தியாலம் வித்தியாசம். அங்கே காலைத் தேத்தண்ணி குடிக்கும்போது இங்கே பிள்ளைக்கு நித்திரை நேரம். அதை மட்டும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். அப்பம்மா குறை நினைக்கமாட்டா. நினைத்தாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிட்டுச் சரிக்கட்டலாம், அங்கே சனி இரவுதான்.

பள்ளியே போனில் ஹோம்வேர்க் அனுப்புகிறது. அப்புறம் எப்படிக் குறைப்பது?

இந்தக் கேள்விக்கு ரீச்சராகப் பதில் சொல்ல எனக்கே வெட்கம். 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியபோது மூத்தவனுக்கு 6 வயது, முதலாம் வகுப்பு. அதுவரை, “போனைத் தொடாதே” என்று சொன்ன அதே வாயால், “போன் முன்னால் அசையாமல் இரு” என்று சொன்னோம். சூம் வகுப்பு, வட்ஸ்அப்பில் படமெடுத்து அனுப்பும் பயிற்சி, நேத்ரா ரீவியில் பாடம், கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளம், எல்லாம் ஒன்றாக வந்தன. ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகள், ஒரே போன். யாருக்கு என்று அடிபட்டு, கடைசியில் தவணைக்கு வாங்கிய டப்பை (டப்லெட்டை) இனித் திருப்பிக் கொடுக்கவா முடியும்?

பள்ளிகள் திறந்து வருடக்கணக்காகியும் வட்ஸ்அப் குறூப் போகவில்லை. இரவு ஒன்பதரைக்கு வரும், “நாளை மஞ்சள் நிறத் தாள் கொண்டுவரவும்.” குறூப்பை உங்கள் போனில் வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளையின் கையில் போகக் கூடாது. ஹோம்வேர்க்கைப் பார்த்துக் கொப்பியில் எழுதிவிட்டுப் போனை மூடிவிடுங்கள். மூத்தவனின் ஐந்தாம் வகுப்புப் புலமைப் பரிசில் பரீட்சை வருடத்தில் நான் பாஸ்ட் பேப்பர் முழுவதையும் கடையில் அச்சடித்து எடுத்தேன். காசு போனது. ஆனால் ‘பேப்பர் செய்யிறன்’ என்று சொல்லிவிட்டு கேம் விளையாட வழி இல்லாமல் போனது.

வாங்கினால் புரண்டு புரண்டு அழுகிறாள்.

நடுவில் பிடுங்கினால் யார்தான் அழமாட்டார்கள்? நாடகத்தின் கடைசிக் கட்டத்தில் கரண்ட் போனபோது நாங்கள் என்ன பேச்சுப் பேசினோம்? நேரத்தை வைத்து நிறுத்தாமல் கதையை வைத்து நிறுத்துங்கள். “இது முடிய வை” என்றால் 4 வயதுக்கு விளங்கும், “இன்னும் அஞ்சு நிமிஷம்” என்றால் விளங்காது. யூடியூப்பில் அடுத்த வீடியோ தானாக ஓடுவதை செட்டிங்ஸில் போய் நிறுத்திவிடுங்கள். இதை மட்டும் செய்தாலே பாதி அழுகை குறையும். யூடியூப் கிட்ஸில் டைமர் இருக்கிறது, நேரம் முடிந்ததும் அதுவே பூட்டிக்கொள்ளும். அப்போது பிள்ளைக்குக் கோபம் உங்கள் மேல் வராது, போன் மேல் வரும். ஒரு சின்ன உபாயம்தான், ஆனால் வேலை செய்கிறது.

வாங்கிய கையோடு வேறு ஒன்றைக் கொடுங்கள். வெங்காயம் உரிக்க விடுங்கள், தண்ணீர் வாளியில் விளையாட விடுங்கள். ஒன்றுமில்லாத இடத்தில் இறக்கிவிட்டால் அழத்தான் செய்யும்.

அழுகை எத்தனை நாளைக்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. இருந்த சார்ஜை அவசரக் கோலுக்கு மிச்சம் பிடிக்க வேண்டியிருந்ததால் ஒருவருக்கும் வீடியோ கிடையாது. மூத்தவன் இரண்டு நாள் அழுதான், மூன்றாம் நாள் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தான், நாலாம் நாள் பல்கனியில் நின்று மரைன் டிரைவ் பக்கத்தால் போகும் ரயில்களை எண்ணிக் கொப்பியில் கோடு போட்டான். கரண்ட் ஒழுங்காக வரத் தொடங்கிய அன்றே கொப்பியை எறிந்துவிட்டான் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கண் பழுதாகிவிடுமா?

போனைக் கிட்டப் பிடித்து நெடுநேரம் பார்த்தால் கண் களைக்கும், இமைப்பது குறைந்து காயும். கிட்டப் பார்வைக் குறைபாட்டைப் பொறுத்தவரை பகல் வெளிச்சத்தில் வெளியில் நிற்கும் நேரம் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஆகவே வெளியில் கூட்டிப் போங்கள். திரை கொடுப்பதானால் தள்ளி இருப்பது நல்லது: போனைவிட டப், டப்பைவிடச் சுவரில் உள்ள ரீவி. ரீவியில் இன்னொரு வசதியும் உண்டு, பிள்ளை என்ன பார்க்கிறாள் என்று குசினியில் நின்றே கேட்கும்.

வெளியில் கூட்டிப் போகச் சொல்கிறீர்கள். கொழும்பில் எங்கே?

காசில்லாத இடங்கள் இரண்டு மூன்று இருக்கின்றன. காலிமுகத்திடலில் பட்டம் விடலாம். விகாரமகாதேவி பூங்காவில் ஓடலாம். வெள்ளவத்தைக்காரருக்குக் கடல் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம்தான், ஆனால் பாதையைக் கடக்கும்போது பிள்ளையின் கையை விடவேண்டாம். உங்கள் போனையும் பாக்கில் போடுங்கள்.

அப்பாமாரும் போனும்?

பிள்ளையின் போனைப் பிடுங்கி அதையே தான் பார்த்துக்கொண்டிருக்கும் அப்பாமாரைப் பற்றி எழுதினால் எங்கள் வீட்டில் பிரச்சினை வரும். விடுங்கள்.

பெரிய பிள்ளைக்குச் சொந்தப் போன் எப்போது கொடுக்கலாம்?

மூத்தவன் தினமும் கேட்கிறான். வகுப்பில் எல்லாரிடமும் இருக்கிறதாம். விசாரித்தால் ‘எல்லாரும்’ என்பது நாலு பேர். யூடியூப், இன்ஸ்டகிராம், டிக்டொக் எல்லாம் சொந்தக் கணக்குக்கு 13 வயது என்கின்றன. அவுஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் கீழே சமூக ஊடகக் கணக்கே வைக்க முடியாது. ரியூசனுக்குப் போய்வரத் தொடர்பு வேண்டும் என்றால் பட்டன் போன் போதும். ஸ்மார்ட் போன்தான் என்றால் கூகுளின் ஃபமிலி லிங்கையோ, அப்பிளில் உள்ள ஸ்க்ரீன் டைமையோ முதலில் போட்டுவிட்டுக் கொடுங்கள். இரவில் போன் பிள்ளையின் அறையில் சார்ஜ் போடக் கூடாது.

முக்கியமான ஒன்று: ஒன்லைனில் யாராவது தொந்தரவு செய்தாலோ படம் கேட்டாலோ, “சொன்னால் அம்மா போனைப் பறித்துவிடுவா” என்ற பயத்தில்தான் பிள்ளைகள் மறைக்கிறார்கள். பறிக்கமாட்டேன் என்று முதலே சொல்லி வையுங்கள். சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் 1929. அதைப் பிள்ளையிடமும் சொல்லிக் கொடுங்கள்.

சரி ரீச்சர், உங்கள் வீட்டில் எப்படி?

கேட்பீர்கள் என்று தெரியும். சாப்பாட்டு நேரத்தில் இல்லை, படுக்கையில் இல்லை. சின்னவளுக்குப் பின்னேரம் நான் சமைக்கும் நேரம் மட்டும், ரீவியில். காய்ச்சல் வந்தால் சட்டம் எல்லாம் காற்றில் போய்விடும், அதையும் ஒளிக்கவில்லை. சோறு முதலில் ஏறும், கறி அடுத்து, பருப்புக் குக்கர் கடைசி. பருப்பின் நாலாவது விசில்தான் அவளுக்கு மணி. சத்தம் கேட்டதும் தானே எழும்பி நிறுத்திவிடுவாள், எனக்குப் பெருமையாக இருந்தது.

போன கிழமை நாலாவது விசில் வந்தபிறகும் ரீவி ஓடிக்கொண்டிருந்தது. நான் எட்டிப் பார்க்குமுன்னே குசினி வாசலில் வந்து நின்றாள், கையில் ரிமோட். குக்கரை உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “அம்மா, பருப்பு இன்னும் அவியேல்லைப் போல கிடக்கு. இன்னொரு விசில் விடுங்கோவன்.”